மனுஷ மனசு எப்படி உருவாச்சுன்னு படிக்கிறவங்க உண்மையில என்ன படிக்கிறாங்க?

2023 ஜூன்ல ஒரு செய்தி உலகம் பூரா ஓடுச்சு. தென்னாப்பிரிக்காவுல ரைசிங் ஸ்டார்ங்கிற குகையில கிடைச்ச ஹோமோ நலேடிங்கிற பழைய மனித இனம், நம்ம மூளையில பாதிகூட இல்லாத மூளைய வச்சுக்கிட்டு, செத்தவங்கள குழி தோண்டிப் புதைச்சிருக்கு, குகைச் சுவத்துல கோடு கீறியிருக்குன்னு லீ பெர்கர் தலைமையிலான குழு சொல்லிச்சு. அடுத்த மாசமே நெட்ஃபிளிக்ஸ்ல டாக்குமென்டரி வந்துருச்சு. ஆனா அந்தக் கட்டுரைகள மதிப்பிட்ட நிபுணர்களோட குறிப்புகளும் வெளியாச்சு, அதுல 'ஆதாரம் பத்தாது'ன்னு வெளிப்படையாவே எழுதியிருந்தாங்க. அதுக்கப்புறம் பெர்கர் குழு திருத்தியும் எழுதிப் பாத்துச்சு, வாதம் முழுசா ஓயல.

ரெண்டு பக்கமும் அனுபவசாலிங்க. ரெண்டு பேரும் அதே எலும்பத்தான் பாக்குறாங்க, அதே மண்ணத்தான் பாக்குறாங்க. அப்புறம் எப்படி முடிவு மட்டும் இவ்ளோ தூரம் விலகிப்போகுது? எலும்புலேருந்து 'அதுங்க இப்படி யோசிச்சுது'ங்கிற முடிவுக்குப் போற வழியிலதான் சிக்கல் இருக்கு. அந்த வழிய எப்படிப் போடணும், அது எந்த இடத்துல உடையும்னு கத்துக்கொடுக்கிறதுதான் மனித மனசோட பரிணாமம் பத்தின மாஸ்டர்ஸ், பிஎச்டி படிப்புகளோட உயிர்நாடி. வெளியிலேருந்து பாக்குறவங்க, முக்கியமா இதப் படிக்கலாமான்னு யோசிக்கிற பிள்ளைங்க, 'மனுஷன் எப்படி புத்திசாலி ஆனான்'ங்கிற கதை உள்ள இருக்கும்னு நெனைச்சுட்டுப் போறாங்க. உள்ள போனா கதை கம்மியாத்தான் இருக்கும், எந்தக் கதைய எவ்ளோ தூரம் நம்பலாம்ங்கிற கணக்குதான் ஜாஸ்தி.

மனசுன்னு இங்க எதச் சொல்றாங்க

'மனசு'ன்னு மொத்தமா வச்சுக்கிட்டு ஆராய்ச்சி பண்ண முடியாது, அதனால அத துண்டு துண்டாப் பிரிக்கிறாங்க. முதல் செமஸ்டர்லயே இந்தத் துண்டுகள்தான் வரும்.

1. ஒர்க்கிங் மெமரி. ஒரு வேலை முடியிற வரைக்கும் தேவையான விஷயங்கள மனசுல பிடிச்சு வச்சுக்கிற திறன். 1974ல ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்ச்சும் இதுக்கு ஒரு மாடல் கொடுத்தாங்க, இன்னிக்கும் அதோட வளர்ந்த வடிவம்தான் எல்லா இடத்துலயும் பேசப்படுது.

2. அடுத்தவங்க மனசுல என்ன ஓடுதுன்னு ஊகிக்கிறது. தியரி ஆஃப் மைண்ட்னு சொல்வாங்க. சிம்பன்சிக்கு இது உண்டான்னு 1978ல பிரிமாக்கும் வுட்ரஃபும் கேட்ட கேள்விக்கு இன்னும் சண்டை நடக்குது.

3. சமூகக் கற்றல். அடுத்தவங்களப் பாத்துக் கத்துக்கிறது, கத்துக்கொடுக்கிறது, அது மேல அடுத்த தலைமுறை இன்னும் கொஞ்சம் சேக்குறது.

4. மொழி, குறியீடு. இல்லாத ஒண்ண இருக்கிற ஒண்ணால குறிக்கிறது.

இதுல ஒவ்வொண்ணும் வேற வேற காலத்துல, வேற வேற வேகத்துல வந்திருக்கலாம். அதனால 'மனித மனசு எப்ப வந்துச்சு'ன்னு யாராவது ஒரே ஒரு தேதி சொன்னா அங்கயே நின்னு 'எந்தத் துண்டு?'ன்னு கேக்கணும்.

மூளை அளவும் தெரிஞ்சிருக்கணும். சிம்பன்சிக்கு சுமார் 400 கன சென்டிமீட்டர், நமக்கு சுமார் 1,350. நியாண்டர்தால்ங்கிற, அழிஞ்சுபோன நம்ம உறவுக்கார மனித இனத்துக்கு நம்ம அளவு, சில பேருக்கு நம்மள விட ஜாஸ்தி. நம்ம உடம்பு எடையில மூளை வெறும் 2 சதவீதம், ஆனா ஓய்வா இருக்கும்போதுகூட உடம்பு செலவழிக்கிற சக்தியில சுமார் 20 சதவீதத்த அது எடுத்துக்குது. இவ்ளோ தின்னுற உறுப்பு பெருசாகணும்னா அதுக்கு ஒரு லாபம் இருந்திருக்கணும், சோறும் எங்கேருந்தாவது வந்திருக்கணும். கூட்டம் பெருசானதால உறவுகள சமாளிக்க மூளை பெருசாச்சுன்னு ராபின் டன்பார் சொல்றாரு. குடல் சின்னதானதால மிச்சமான சக்தி மூளைக்குப் போச்சுன்னு 1995ல அயெல்லோவும் வீலரும் சொன்னாங்க. ரெண்டையும் எதிர்த்து தரவு வந்திருக்கு, ரெண்டும் இன்னும் பாடத்துல இருக்கு.

இந்த விவாதம் எவ்ளோ பழசு

டார்வின் 1871ல மனுஷனோட மனசும் மிருகத்தோட மனசும் அளவுலதான் வித்தியாசம், வகையில இல்லன்னு எழுதுனாரு. இயற்கைத் தேர்வ அவரோட சேந்தே கண்டுபிடிச்ச வாலஸ் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1869லயே, மனுஷ மூளைய மட்டும் இயற்கைத் தேர்வால விளக்க முடியாதுன்னு சொல்லிட்டாரு. ஒரே கொள்கையக் கண்டுபிடிச்ச ரெண்டு பேரே இந்த ஒரு இடத்துல பிரிஞ்சாங்கன்னா கேள்வி எவ்ளோ கடினம்னு புரிஞ்சுக்கலாம். டார்வின்கிட்ட ஃபாசில் கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல. இன்னிக்கு நிறைய இருக்கு, ஆனா யோசனை மட்டும் எந்த ஃபாசில்லயும் பதியல.

அப்ப ஆதாரம் எங்கேருந்து வருது

1. மண்டையோடு. மூளை அழுகிப் போயிரும், ஆனா மண்டையோட்டோட உள்பக்கத்துல அதோட மேடு பள்ளம் கொஞ்சம் பதிஞ்சிருக்கும், அத வார்ப்பா எடுப்பாங்க, இப்ப சிடி ஸ்கேன்லயே எடுக்குறாங்க. அளவு தெரியும், சில மடிப்பு தெரியும். அதத் தாண்டி 'இந்தப் பகுதி பெருசா இருக்கு, அதனால பேசியிருப்பாங்க'ன்னு போனா, அது காலி பண்ணிட்டுப் போன வீட்டோட சுவத்தப் பாத்து அங்க குடியிருந்தவங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு சொல்ற மாதிரிதான்.

2. கல்லும் மத்த பொருளும். ரொம்ப பெரிய விஷயம், கீழ தனியா வருது.

3. உயிரோட இருக்கிற நம்ம உறவுக்கார இனங்கள். சிம்பன்சி, போனோபோ, ஒராங்குட்டான், மத்த குரங்குகள். நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவா ஒரு திறன் இருந்தா, நம்ம ரெண்டு பேரோட பொது மூதாதைக்கும் அது இருந்திருக்க வாய்ப்பு அதிகம்ங்கிற தர்க்கம்.

4. குழந்தைங்களும் வேற வேற சமூகங்களும். எது பிறவியிலயே வருது, எது வளர்ப்புல வருதுன்னு பிரிக்க.

5. ஜீன். நியாண்டர்தாலோட ஜீனோம் 2010ல வந்துச்சு, அந்த வேலைக்குத் தலைமை தாங்குன ஸ்வாந்தே பேபோவுக்கு 2022ல நோபல் கிடைச்சது.

ஒரு நல்ல படிப்பு இந்த அஞ்சையும் தொட்டுக் காட்டும், ஆனா எந்த மாணவரும் அஞ்சையும் கையாள மாட்டாங்க. ஒண்ணுல ஆழமாப் போகணும், மத்த நாலுல எது தப்பா சொல்லப்படுதுன்னு கண்டுபிடிக்கிற அளவுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

கல்லுலேருந்து மூளைக்கு

காக்னிட்டிவ் ஆர்க்கியாலஜின்னு சொல்ற பிரிவோட மூலக்கேள்வி இதுதான்: இந்தப் பொருளச் செய்ய குறைஞ்சபட்சம் எந்த மாதிரி யோசனை தேவைப்பட்டிருக்கும்? 'குறைஞ்சபட்சம்'ங்கிறத அடிக்கோடு போட்டுப் படிக்கணும். கோயில் கட்டுறவங்களுக்கு மண் குடிசை கட்டவும் தெரியும், ஆனா குடிசை மட்டும் கிடைச்சா அவங்களுக்கு கோயில் கட்டத் தெரியுமான்னு நம்மால சொல்ல முடியாது.

கென்யாவுல லோமெக்வியில 33 லட்சம் வருஷம் பழைய கல் கருவிகள் கிடைச்சதா 2015ல அறிவிச்சாங்க. அதுக்குப் பின்னாடி 26 லட்சம் வருஷத்துலேருந்து ஓல்டோவன்னு ஒரு வகை, கல்ல கல்லால தட்டி கூரான செதில் எடுக்குறது. அப்புறம் சுமார் 17.6 லட்சம் வருஷத்துலேருந்து அச்சூலியன், அதாவது ரெண்டு பக்கமும் செதுக்கி வடிவம் கொடுத்த கைக்கோடாரி. இங்க தமிழ்நாடு நேரடியா வருது. ராபர்ட் புரூஸ் ஃபுட்ங்கிற பிரிட்டிஷ் புவியியலாளர் 1863 மே மாசம் பல்லாவரத்துல ஒரு பழைய கற்காலக் கருவியக் கண்டெடுத்தாரு, அதே வருஷம் திருவள்ளூர் பக்கம் கொசஸ்தலை ஆத்துப் படுகையில அதிரம்பாக்கத்தையும் அடையாளம் கண்டாங்க. அங்க சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் வருஷக்கணக்கா தோண்டி, அச்சூலியன் கருவிகளுக்கு சுமார் 15 லட்சம் வருஷம்னு 2011ல வெளியிட்டாங்க. 2018ல அதே இடத்துல லெவலுவாங்கிற முறை சுமார் 3,85,000 வருஷம் முன்னாடியே வந்துருச்சுன்னு காட்டினாங்க. லெவலுவான்னா, கல்ல மொதல்ல ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்குத் தயார் பண்ணி, கடைசி தட்டுல நெனைச்ச வடிவத்துல செதில் வர்ற மாதிரி செய்றது. அதுக்கு பல படி முன்னாடியே திட்டம் போடணும். இந்த முறை நவீன மனுஷங்க ஆப்பிரிக்காவுலேருந்து கூட்டமா வெளிய வந்தபோதுதான் இந்தியாவுக்கு வந்துச்சுன்னு பல பேர் நம்பிக்கிட்டு இருந்தாங்க, அந்த நம்பிக்கைய அதிரம்பாக்கம் ஆட்டிருச்சு. இத நம்ம ஊர்ப் பெருமையா மட்டும் படிச்சுட்டு விட்டுடுறது எனக்கு வருத்தமா இருக்கு, ஏன்னா 'திட்டம் போடுற மனசு ஒரே இடத்துல ஒரே தடவ வந்துச்சா'ங்கிற உலகளாவிய கேள்விக்கு அந்த மண்ணு சாட்சி சொல்லுது.

சரி, கைக்கோடாரி செய்ய என்ன மூளை வேணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? உயிரோட இருக்கிற ஆளுங்களுக்குக் கல் செதுக்கக் கத்துக்கொடுத்து, மூளைய ஸ்கேன் பண்ணிப் பாக்குறாங்க. டீட்ரிக் ஸ்டவுட் குழு அப்படிச் செஞ்சப்போ, அச்சூலியன் வேலைக்கு மூளையோட முன்பக்கக் கீழ்ப்பகுதி ஓல்டோவன விட ஜாஸ்தி வேலை செய்றது தெரிஞ்சுது. அது மொழிக்கும் பயன்படுற பகுதி, அதனால கருவியும் மொழியும் சேந்தே வளந்துச்சோன்னு ஒரு கருத்து வலுவாச்சு. 2017ல ஷெல்பி புட் குழு இதுல ஒரு முக்கியமான ஓட்டையக் காட்டுச்சு. கத்துக்கிறவங்கள ரெண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு பேச்சோட வீடியோ பாடம், இன்னொரு குழுவுக்கு பேச்சே இல்லாம அதே பாடம். பேச்சோட கத்துக்கிட்டவங்க மூளையிலதான் மொழி சார்ந்த பகுதி கிளம்புச்சு, பேச்சில்லாம கத்துக்கிட்டவங்களுக்கு பார்வை சார்ந்த ஒர்க்கிங் மெமரி வேலை செஞ்சுது. அப்ப முன்னாடி பாத்தது கல்லோட தேவையா, இல்ல பாடம் எடுத்தவிதத்தோட எச்சமா? இந்த ஒரு கேள்விய நேர்மையா கேக்கக் கத்துக்கிட்டா படிப்போட பாதி முடிஞ்ச மாதிரி.

அதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. 2015ல செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தச் சேந்த ஆய்வாளர்கள் உட்பட ஒரு குழு, 184 பேர வச்சு ஓல்டோவன் செதில் எடுக்கிறத ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு சங்கிலியா கத்துக்கொடுக்க வச்சாங்க. வெறுமனே பாத்துக் கத்துக்கிட்டவங்களுக்கு பெருசா முன்னேற்றம் இல்ல, சைகையும் பேச்சும் சேந்தப்போ தரம் நல்லாவே ஏறுச்சு. அதனால கத்துக்கொடுக்கிற பழக்கமும் ஏதோ ஒரு ஆதிமொழியும் ரொம்ப முன்னாடியே வந்திருக்கலாம்னு அவங்க வாதம். பேசிப் பழகுன இன்னிக்கு மனுஷங்கள வச்சு எடுத்த முடிவு இதுங்கிறத மறக்கக் கூடாது.

எல்லாத்தையும் விட என்னைக் கவர்ந்தது தாய்லாந்துக் குரங்குங்க. பாங் ங்கா பகுதியில நீளவால் மக்காக் குரங்குங்க பனங்கொட்டைய கல்லால உடைக்கும்போது கல்லும் உடைஞ்சு செதில் தெறிக்குது. 2023ல டோமோஸ் ப்ராஃபிட் குழு அந்த மாதிரி ஆயிரத்துக்கும் மேல துண்டுகள எடுத்துப் பாத்தப்போ, அதுல பலதும் ஆதிமனிதக் கருவின்னு சொல்லப்படுற செதில் மாதிரியே இருந்துச்சு. குரங்குக்கு செதில் செய்யணும்ங்கிற எண்ணமே கிடையாது, அதுக்கு வேண்டியது கொட்டைக்குள்ள இருக்கிற பருப்பு. அப்ப பழைய மண்ணுல கூரான செதில் கிடைச்சாலே 'திட்டம் போட்டு செஞ்சது'ன்னு எழுதுறது எவ்ளோ ஆபத்து! இதனால பழைய கருவியெல்லாம் பொய்னு ஆகாது. அந்தக் குரங்கால கைக்கோடாரி செய்ய முடியாது, லெவலுவா முடியவே முடியாது. எந்த இடத்துலேருந்து நோக்கம் இருந்துச்சுன்னு சொல்லலாம்ங்கிற கோடுதான் தள்ளிப்போகுது.

உறவுக்கார இனங்களோட ஒப்பிடுறது

2007ல லைப்சிக்ல இருக்கிற மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனத்துலேருந்து மைக்கேல் டொமசெல்லோ குழு ஒரு பெரிய சோதனைய வெளியிட்டுச்சு. 106 சிம்பன்சி, 32 ஒராங்குட்டான், ரெண்டரை வயசுக் குழந்தைங்க 105 பேர். எண்ணிக்கை, இடம், காரணம்-விளைவு மாதிரி பொருள் சார்ந்த சோதனையில குழந்தைங்களும் சிம்பன்சியும் கிட்டத்தட்ட சமம். பாத்துக் கத்துக்கிறது, சுட்டிக்காட்டுறதப் புரிஞ்சுக்கிறது மாதிரி சமூகச் சோதனையில குழந்தைங்க சுமார் 74 சதவீதம் சரி, குரங்கினங்க சுமார் மூணுல ஒரு பங்குதான். பொதுவான புத்தி கூடினதால நாம வேறயாகல, அடுத்தவங்கிட்ட கத்துக்கிற புத்திதான் கூடியிருக்குன்னு அவங்க முடிவு.

அதே நிறுவனத்துல இன்னொரு இயக்குநரா இருந்த கிறிஸ்டோஃப் போஷ் அதே வருஷம் இத எதிர்த்து எழுதுனாரு. குழந்தைய சோதிச்சது மனுஷங்க, பக்கத்துல அம்மாவோ அப்பாவோ உக்காந்திருக்காங்க. சிம்பன்சிய சோதிச்சதும் மனுஷங்க, நடுவுல தடுப்பு. அதுவும் அடைப்புல வளந்த சிம்பன்சி. ரெண்டு பேருக்கும் ஒரே பரீட்சைன்னு எப்படிச் சொல்ல முடியும்? ஒரே கட்டடத்துல இருக்கிற ரெண்டு பெரிய ஆளுங்க இப்படி வெளிப்படையா மோதுறத நான் ரொம்ப மதிக்கிறேன், அந்த சூழல்ல படிக்கிற மாணவருக்கு அது பெரிய பாடம்.

ஜப்பான்ல கியோட்டோ பல்கலைக்கழகத்தோட இனுயாமா மையத்துல அயுமுங்கிற சிம்பன்சி பத்தி பல பேர் வீடியோ பாத்திருப்பீங்க. திரையில எண்கள் 210 மில்லிசெகண்ட் மட்டும் தெரிஞ்சு மறையும், அயுமு வரிசையா தொட்டுக்காட்டும், மாணவர்கள் தடுமாறினாங்க. 2007ல வந்தப்போ 'சிம்பன்சிக்கு நம்மள விட ஞாபக சக்தி ஜாஸ்தி'ன்னு செய்தி. ஆனா அயுமுவுக்கு நிறைய பயிற்சி இருந்துச்சு, மனுஷங்களுக்கு இல்ல. அப்புறம் மனுஷங்களுக்கும் பயிற்சி கொடுத்துப் பாத்தப்போ அவங்களும் அந்த அளவுக்கு வந்துட்டாங்க. அந்தப் பின்தொடர் ஆய்வு யாரோட வாட்ஸ்அப்லயும் வரல.

இந்த மாதிரி பிரச்சனைக்கு மருந்தா இப்ப பல நாட்டு ஆய்வகங்க சேந்து ஒரே சோதனைய பல இனங்கள்ல நடத்துற மெனிபிரைமேட்ஸ் மாதிரி கூட்டு முயற்சி வந்திருக்கு. ஏன்னா ஒரு மிருகக்காட்சி சாலையில எட்டு சிம்பன்சிய வச்சு 'சிம்பன்சி இனமே இப்படி'ன்னு சொல்ல முடியாது.

ஜீன், அப்புறம் ரெண்டு எச்சரிக்கை

ஃபாக்ஸ்பி2ங்கிற ஜீன் கதைய சுருக்கமா சொல்லிடுறேன். ஒரு பிரிட்டிஷ் குடும்பத்துல தலைமுறையா வந்த பேச்சுக் கோளாறுக்கு இதுல வந்த மாற்றம்தான் காரணம்னு 2001ல தெரிஞ்சுது. 2002ல, மனுஷங்க கிட்ட இந்த ஜீனோட மனித வடிவம் சமீப காலத்துல இயற்கைத் தேர்வால வேகமா பரவியிருக்குன்னு கட்டுரை வந்துச்சு, 'மொழி ஜீன்'னு பேரு ஒட்டிக்கிச்சு. 2007ல நியாண்டர்தாலுக்கும் அதே மனித வடிவம் இருந்தது தெரிஞ்சுது. 2018ல இன்னும் நிறைய பேரோட, ஆப்பிரிக்கர்களையும் போதுமான அளவு சேத்து ஜீனோமப் பாத்தப்போ சமீபத்தில் அப்படிப் பரவுனதுக்கான அடையாளமே இல்ல. அந்த ஜீன் பேச்சுக்கு முக்கியம்தான். மொழி எப்ப வந்துச்சுன்னு அது சொல்லும்னு எதிர்பாத்ததுதான் நடக்கல.

மிரர் நியூரானும் அப்படித்தான். தானே ஒரு வேலையச் செய்யும்போதும், அதே வேலைய அடுத்தவங்க செய்றதப் பாக்கும்போதும் கிளம்புற மூளைச் செல் அது. இத்தாலியில பார்மாவுல மக்காக் குரங்கு மூளையில இத கண்டுபிடிச்சாங்க. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில படிச்ச வி.எஸ். ராமச்சந்திரன் 2000ல இதுதான் மனித கலாச்சாரப் பாய்ச்சலுக்குப் பின்னாடி இருக்கிற சக்தின்னு எழுதுனப்போ உலகமே கேட்டுச்சு. ஆனா மிரர் நியூரான் இருக்கிற மக்காக் குரங்கு பாத்துச் செய்றதுல அப்படி ஒண்ணும் கெட்டி இல்ல, அதனால அது மட்டும் போதாதுன்னு இன்னிக்கு பெரும்பாலானவங்க ஒத்துக்குறாங்க.

எவல்யூஷனரி சைக்காலஜிங்கிற பிரிவும் இங்க வரும். லேடா காஸ்மிடஸும் ஜான் டூபியும் கலிஃபோர்னியா சான்டா பார்பராவுல வளத்தது. வேட்டையாடித் திரிஞ்ச காலத்துப் பிரச்சனைகளுக்காக உருவான தனித்தனி மனக் கருவிகள்தான் நம்ம மூளைங்கிறது அவங்க வாதம். இதுக்கு எதிரா ரெண்டு விமர்சனம் கட்டாயம் தெரிஞ்சிருக்கணும். ஒண்ணு, எந்தக் குணத்துக்கும் பின்னாடியே ஒரு பயன இட்டுக்கட்டிடலாம்ங்கிறது, 1979ல கூல்டும் லிவான்டினும் எழுதுனது. ரெண்டாவது, சோதிக்கப்பட்ட ஆளுங்க யாருங்கிறது. 2010ல ஜோசஃப் ஹென்ரிக் குழு எடுத்துக்காட்டுன கணக்குப்படி உளவியல் ஆய்வுகள்ல கலந்துக்கிட்டவங்கள்ல 96 சதவீதம் பேர் உலக மக்கள் தொகையில 12 சதவீதம் மட்டுமே இருக்கிற நாடுகளச் சேந்தவங்க. அமெரிக்கக் கல்லூரி பசங்கள சோதிச்சுட்டு 'மனித மனசு'ன்னு எழுதுறது எவ்ளோ பெரிய தாவல்னு தமிழ் மாணவருக்கு யாரும் தனியா சொல்லத் தேவையில்ல.

எங்க படிக்கிறது, எப்படி இருக்கும்

இதுக்குன்னு ஒரே ஒரு டிகிரி பேரு கிடையாது. ஆந்த்ரபாலஜி, சைக்காலஜி, ஆர்க்கியாலஜி, மொழியியல், நியூரோசயின்ஸ், உயிரியல்னு ஏதாவது ஒரு துறையோட கதவு வழியாத்தான் உள்ள போகணும். சில உதாரணம்:

1. லைப்சிக், ஜெர்மனி. மேல சொன்ன மாக்ஸ் பிளாங்க் நிறுவனம், 1997ல ஆரம்பிச்சது. ஜீன், குரங்கினம், கலாச்சாரம்னு பல துறை ஒரே கூரைக்குக் கீழ. பிஎச்டி அளவுல சேக்குறாங்க.

2. சான் டியேகோ, அமெரிக்கா. கார்ட்டாங்கிற மையம், வேலூர் சிஎம்சியில மருத்துவம் படிச்ச அஜித் வர்கி அத உருவாக்குனவங்கள்ல முக்கியமானவர். இங்க தனி டிகிரி இல்ல. அந்தப் பல்கலைக்கழகத்துல ஏதாவது ஒரு துறையில பிஎச்டிக்கு சேந்துட்டு, மனிதத் தோற்றம் பத்தின சிறப்புப் பாடத்த கூடவே எடுத்துக்கலாம். இந்த அமைப்பு எனக்குப் பிடிச்சிருக்கு, சொந்தத் துறையில கால் ஊனிக்கிட்டே மத்ததக் கத்துக்கலாம்.

3. எடின்பரோ, ஸ்காட்லாந்து. மொழியோட பரிணாமத்துக்குன்னே பேரு போன இடம். சைமன் கிர்பி குழு 2008ல, இல்லாத ஒரு மொழிய ஆளுக்கு ஆள் கத்துக்கொடுத்துக்கிட்டே போனா தானாவே அதுக்கு ஒழுங்கு வந்துடுதுன்னு காட்டினாங்க. மொழியோட இலக்கணம் எல்லாம் ஜீன்ல இருந்தே ஆகணும்னு இல்லன்னு அது சொல்லுது.

4. கொலராடோ ஸ்பிரிங்ஸ், அமெரிக்கா. தாமஸ் வின்ங்கிற தொல்லியலாளரும் ஃபிரெட்ரிக் கூலிட்ஜ்ங்கிற நியூரோசைக்காலஜிஸ்டும் சேந்து ஒர்க்கிங் மெமரி கூடினதுதான் நவீன மனுஷ மனசு உருவானதுல கடைசிப் பாய்ச்சல்னு வாதாடுன இடம்.

நம்ம நாட்டுல இதே பேர்ல படிப்பு தேடி அலைய வேணாம். பழைய கற்காலத் தொல்லியலுக்கு பூனே டெக்கான் கல்லூரி இருக்கு. காக்னிட்டிவ் சயின்ஸுக்கு ஐஐடி காந்திநகர், அலகாபாத் பல்கலைக்கழகம், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கு. குரங்குகளோட நடத்தைக்கு பெங்களூருவுல நியாஸ்ங்கிற ஆய்வு நிறுவனத்துல அனிந்தியா சின்ஹா குழு செஞ்சத பாருங்க. பந்திப்பூர்ல நாட்டுக்குரங்குங்க மனுஷங்ககிட்ட கைய நீட்டி, ஒரு தனிக் குரல் கொடுத்து சாப்பாடு கேக்குதுங்க, அது வேணும்னே செய்ற தொடர்புதான்னு 2018ல வெளியிட்டாங்க. கூண்டும் இல்ல, கோடிக்கணக்குல கருவியும் இல்ல, காட்டு ரோட்டு ஓரத்துல பொறுமையா பாத்து எடுத்த தரவு.

பிரிட்டன்ல மாஸ்டர்ஸ்னா பெரும்பாலும் ஒரு வருஷம், ரெண்டு செமஸ்டர் பாடம், கோடையில ஆய்வேடு. அமெரிக்க பிஎச்டி அஞ்சாறு வருஷம் இழுக்கும். எங்க போனாலும் நேரத்துல பெரும்பகுதி புள்ளியியல்லயும் ஆர் (R)ங்கிற கம்ப்யூட்டர் மொழியில கோட் எழுதுறதுலயும், வீடியோவ நிமிஷம் நிமிஷமா குறிச்சு வைக்கிறதுலயும் போகும். இது தெரியாம போறவங்கதான் முதல் மாசமே சோந்துடுறாங்க.

முடிவெடுக்கும் முன்னாடி

1. பாடத்திட்டப் பேர விட கைடு யாருன்னு பாருங்க. அவங்களோட சமீபத்திய கட்டுரை மூணப் படிங்க, புரியலன்னாலும் மெத்தட்ஸ் பகுதிய விடாதீங்க. அந்த வேலைய தெனம் செய்யத் தோணுதான்னு கேட்டுக்குங்க.

2. மேல சொன்ன அஞ்சு ஆதாரத்துல எதுல உங்க கை இறங்கும்னு இப்பவே ஓரளவு முடிவு பண்ணுங்க. எஸ்ஓபில, அதாவது ஏன் படிக்கணும்னு விண்ணப்பத்தோட எழுதிக் கொடுக்கிற கட்டுரையில, 'மனித மனதின் ரகசியம்'னு எழுதுனா ஆயிரத்துல ஒண்ணாப் போயிரும், 'பேச்சில்லாம கத்துக்கொடுத்தா செதில் தரம் எப்படி மாறுது'ன்னு எழுதுனா படிப்பாங்க.

3. பணம். வெளிநாட்டு மாஸ்டர்ஸுக்கு பொதுவா நம்ம கைக்காசோ கடனோதான், அமெரிக்க பிஎச்டியிலயும் ஜெர்மன் பிஎச்டியிலயும் பெரும்பாலும் ஸ்டைஃபண்டோ சம்பளமோ உண்டு. வீட்ட அடமானம் வச்சு மாஸ்டர்ஸ் போறதுக்கு முன்னாடி, இங்கயே மாஸ்டர்ஸ் முடிச்சு ஒரு ஆய்வகத்துல வேலை செஞ்சுட்டு நேரா பிஎச்டிக்கு விண்ணப்பிக்கிற வழி இருக்கு, அதத்தான் நான் பரிந்துரைப்பேன்.

4. வேலை. இந்தத் துறையில நிரந்தரப் பேராசிரியர் இடம் ரொம்பக் கம்மி. ஆனா கத்துக்கிற புள்ளியியல், சோதனை வடிவமைப்பு, தரவு ஆய்வு இதுக்கெல்லாம் வெளிய மதிப்பு இருக்கு. வீட்டுல அம்மா அப்பாகிட்ட பேசும்போது ரெண்டையும் சேத்தே சொல்லுங்க.

5. சேரும் முன்னாடியே ஒரு பயிற்சி எடுத்துப் பாருங்க. ஹோமோ நலேடி கட்டுரையும் அதுக்கு நிபுணர்கள் எழுதின மதிப்பீடும் ரெண்டும் இலவசமா இணையத்துல கிடைக்குது. குழியோட விளிம்பு பத்தி, மண் அடுக்கு பத்தி, எலும்பு கிடந்த நிலை பத்தி ஒவ்வொரு வாதத்தையும் எழுதி, அதுக்கு நேரா எதிர்ப்ப எழுதி, எந்தப் புதுத் தரவு வந்தா சண்டை தீரும்னு மூணாவதா ஒரு கட்டம் போடுங்க. அந்த மூணாவது கட்டத்த நிரப்புறதுல உங்களுக்கு தூக்கம் மறந்து போச்சுன்னா, விண்ணப்பத்த எழுத ஆரம்பிக்கலாம்.